ஒன்பது இருபது: பாதியில் இடறிய ஒரு துப்பறியும் தொடர்கதை

பின்னணி

சென்னையிலிருந்து வரும் ஒரு வாரப் பத்திரிகையில் 2023 ஜூன் முதல் வாரம் ஒரு துப்பறியும் தொடர்கதை தொடங்கியது. 26 வாரம் என்று பேச்சு. வாரத்துக்கு நான்கு பக்கம். ஓவியத்துக்கு இடம் விட்டது போக ஏறக்குறைய 1,200 வார்த்தை. எழுதியவர் நாற்பதுக்கும் மேற்பட்ட மாத நாவல்கள் எழுதிக் கைதேர்ந்தவர். வாராவாரம் வரும் தொடர் அவருக்கு இதுவே முதல்.

பின்னால் வந்த சிக்கலுக்கு வேர் இந்த வேறுபாட்டில்தான் இருக்கிறது. மாத நாவல் முழுக்க எழுதி முடித்த பிறகே அச்சுக்குப் போகும். கடைசி அத்தியாயத்தில் ஒரு நேரம் இடித்தால் மூன்றாம் அத்தியாயத்துக்குத் திரும்பிப் போய் மாற்றிவிட்டு வரலாம். தொடரில் அந்த வசதி கிடையாது. மூன்றாம் அத்தியாயம் வாசகர் வீட்டு அலமாரியில் இருக்கிறது.

தொடங்கும் முன் எழுத்தாளர் ஆசிரியரிடம் கொடுத்தது இரண்டு பக்கச் சுருக்கம். கொலையாளி யார், ஏன் கொன்றான், ஒவ்வொரு அத்தியாயமும் எந்த இடத்தில் ‘தொடரும்’ போடும் என்பது அதில் இருந்தது. கொலை நடந்த இரவின் நேர அட்டவணை இல்லை. ஆசிரியர் குழுவும் கேட்கவில்லை.

அச்சான கதை

கோவை வடவள்ளி. 2023 மே மாதம். நூற்பாலை முதலாளி ஒருவர், வயது 58, காலை 6.15க்குத் தன் படுக்கையறையில் இறந்து கிடக்கிறார். தலையணையால் முகத்தை அழுத்திக் கொலை. முதல் 11 அத்தியாயங்களில் வாசகருக்குத் தெரிந்தவை இவை:

சமையல்காரம்மா இரவுச் சாப்பாட்டை மூடி வைத்துவிட்டு 7 மணிக்குக் கிளம்பிவிட்டார். திருப்பூரில் இருக்கும் மகள் தினமும் ஒன்பது மணிக்கு மேல் அப்பாவைச் செல்பேசியில் கூப்பிடுவாள், அன்று 9.20க்குக் கூப்பிட்டபோது, “அப்பா ‘ம்’னு மட்டும் சொல்லி வெச்சுட்டாருங்க.” காலையில் வேலைக்கார அம்மாள் கதவைத் தள்ளியதும், “கையெல்லாம் சில்லிட்டுப் போச்சுங்க” என்கிறார், ஏசி 18இல் ஓடிக்கொண்டிருக்கிறது. உடல் குப்புறக் கிடக்கிறது. மகள் மறுபடி கூப்பிட, மணியோசை உடலுக்கு அடியிலிருந்து வருகிறது. மார்புக்குக் கீழே செல்பேசி. மூடி வைத்த தோசை தொடப்படவே இல்லை. மூன்றாம் அத்தியாயத்தில் இன்ஸ்பெக்டர் தன் உதவியாளரிடம், “டாக்டர் சொல்லிட்டாருய்யா. சரியா ஒன்பது இருபது” என்கிறார். நான்காம் அத்தியாயத்தில் பிரேதப் பரிசோதனை அறிக்கையின் ஆறு வரிகள் கட்டம் கட்டி அச்சாகின்றன. ஏழாம் அத்தியாயத்தில், அந்த நேரத்துக்குக் கணக்குச் சொல்ல முடியாத மருமகன் கைதாகிறான்.

கொலையாளி மில்லின் கணக்கர். அவர் 9.18க்குச் சிங்காநல்லூரில் ஒரு பெட்ரோல் பங்கில் நின்றதைக் கேமரா பதிவு காட்டுகிறது. வடவள்ளியிலிருந்து 15 கிலோமீட்டருக்கு மேல். முதல் திட்டப்படி, அந்தக் கேமராவின் கடிகாரம் ஒரு மணி நேரம் தப்பாக ஓடியது என்பது 24ஆம் அத்தியாயத்தில் வெளிவர வேண்டும். ஆக மொத்தக் கதையும் ‘9.20’ என்ற ஒற்றை ஆணியில் தொங்கியது.

கடிதம்

பதினோராம் அத்தியாயம் கடைக்கு வந்த வாரம், ஆகஸ்ட் நடுவில், ஓய்வுபெற்ற அரசு மருத்துவர் ஒருவரிடமிருந்து இரண்டு பக்கக் கடிதம் வந்தது. கோபமான கடிதம் இல்லை. தொடரை விரும்பிப் படிப்பவர் எழுதியது. இரண்டு பிழைகளைச் சொன்னார்.

ஒன்று: எந்தப் பிரேதப் பரிசோதனையும் இறந்த நிமிஷத்தைச் சொல்லாது. ‘இத்தனை மணியிலிருந்து இத்தனை மணிக்குள்’ என்று ஓர் இடைவெளியைத்தான் சொல்லும். அறை 18 டிகிரியில் இருந்தால் அந்த இடைவெளி இன்னும் அகலமாகும்.

இரண்டு: உடல் குப்புறக் கிடந்தது என்று இரண்டாம் அத்தியாயம் சொல்கிறது. நான்காம் அத்தியாயத்து அறிக்கையோ, இறந்தபின் இரத்தம் இறங்கித் தேங்கும் கருஞ்சிவப்புக் கறை முதுகு முழுவதும் இருந்ததாகச் சொல்கிறது. குப்புறக் கிடந்தவருக்குக் கறை மார்பிலும் வயிற்றிலும் அல்லவா இருக்க வேண்டும்?

இரண்டாவது பிழை எப்படி நுழைந்தது என்பது எழுத்தாளரைக் கேட்டதும் தெரிந்தது. பழைய மாத நாவல் ஒன்றுக்காக அவர் சேர்த்து வைத்திருந்த மாதிரி அறிக்கையிலிருந்து ஆறு வரியை எடுத்து, பெயரையும் வயதையும் மட்டும் மாற்றியிருக்கிறார். அந்த மாதிரியில் உடல் மல்லாந்து கிடந்தது. துப்பறியும் கதைகளில் மருத்துவப் பிழைகள் பெரும்பாலும் இந்த வழியில்தான் வருகின்றன. எழுதுபவருக்கு விஷயம் தெரியாமல் இல்லை. ஒரு சடலத்துக்கு எழுதியது இன்னொன்றின் மேல் ஒட்டப்படுகிறது.

கையில் இருந்த அவகாசம்

கடிதம் வந்த நாளில் 12ஆம் அத்தியாயம் அச்சாகிக் கட்டுக்குப் போய்விட்டது. 13 லேஅவுட் முடிந்து, ஓவியமும் வந்து நின்றது; வாசகத்தில் சில வரிகளை மாற்றலாம், ஓவியத்தை மாற்ற முடியாது. அந்த ஓவியத்தில் இன்ஸ்பெக்டர் சுவர்க் கடிகாரத்தை நிமிர்ந்து பார்க்கிறார், முள் 9.20இல் நிற்கிறது. 14ஆம் அத்தியாயம் கையெழுத்துப் பிரதியாக இருந்தது. முழுதாகக் கைவைக்க முடிந்த முதல் அத்தியாயம் அதுதான். அதை அச்சுக்குக் கொடுக்க ஒன்பது நாள் இருந்தது.

என்ன அச்சாகியிருக்கிறது என்று எண்ணிப் பார்த்தது

யோசனை சொல்வதற்கு முன் உதவி ஆசிரியர் ஒரு வேலை செய்தார். 13 அத்தியாயங்களையும் (இன்னும் அச்சாகாத பதின்மூன்றாவதையும் சேர்த்து) வரிவரியாகப் படித்து, நேரம், உடல் கிடந்த நிலை, யார் எங்கே இருந்தார்கள் ஆகியவற்றைப் பற்றிய ஒவ்வொரு வாக்கியத்தையும் ஒரு பட்டியலில் ஏற்றினார். நான்கு பத்திகள்: அத்தியாய எண், வாக்கியம், சொல்வது யார், எதனோடு இடிக்கிறது. இரண்டு நாள் பிடித்தது. 64 வாக்கியங்கள் தேறின.

மூன்றாவது பத்தி, ‘சொல்வது யார்’ என்பது, இந்த முழு மீட்புக்கும் உயிர். துப்பறியும் கதையில் வாக்கியங்கள் எல்லாவற்றுக்கும் ஒரே எடை கிடையாது. ஒரு பாத்திரம் சொன்னால் அவர் தவறாக நினைத்திருக்கலாம், மறந்திருக்கலாம், பொய் சொல்லியிருக்கலாம். கதை சொல்லும் குரல் சொன்னால் அது எழுத்தாளரே வாசகருக்குக் கொடுத்த வாக்கு. அது பொய்யாகக் கூடாது. அறிக்கை, ரசீது, கேமரா பதிவு போன்றவை இடையில் நிற்பவை: தவறாகலாம், ஆனால் ஏன் தவறின என்று காட்டியாக வேண்டும்.

64இல் 41 பாத்திரப் பேச்சு, 17 கதைசொல்லியின் கூற்று, 6 ஆவணம். இடித்தவை ஒன்பது. அதில் ஏழு பாத்திரப் பேச்சு. மருத்துவர் அதுவரை ஒரு காட்சியில்கூட நேரடியாக வாய் திறக்கவில்லை. ‘ஒன்பது இருபது’ என்பது முழுக்க இன்ஸ்பெக்டர் வாயிலிருந்து வந்தது. மகளின் அழைப்பை வைத்து அவரே முடிவுசெய்து, மருத்துவர் தலையில் ஏற்றிச் சொன்னார் என்று காட்ட இடம் இருந்தது.

எட்டாவது, அறிக்கையில் இருந்த முதுகுக் கறை. ஒன்பதாவது மோசமானது. அதைத் தனியே பார்க்க வேண்டும்.

பட்டியல் இன்னொன்றையும் வெளியே கொண்டுவந்தது. இடிக்காமல், யாரும் கேட்காமலே உதவிக்கு நின்ற மூன்று விவரங்கள்: தொடப்படாத தோசை, மகளுக்குக் கிடைத்த வெறும் ‘ம்’, மார்புக்கு அடியில் செல்பேசி. மூன்றையும் எழுத்தாளர் காட்சி நன்றாக அமையட்டும் என்று வைத்தார். துப்பாக நினைத்து வைக்கவில்லை.

பரிசீலித்த வழிகள்

பேசாமல் இருந்துவிட்டு நூலாக வரும்போது திருத்தலாம் என்பது முதல் யோசனை. தொடர்ச்சிப் பிழை பெரிய எழுத்தாளர்களுக்கும் நேர்ந்ததுதான். ஷெர்லாக் ஹோம்ஸின் நண்பர் வாட்சனுக்குப் போர்க்காயம் 1887இல் வந்த முதல் நாவலில் தோளில் இருக்கிறது, 1890இல் வந்த இரண்டாவதில் காலுக்குப் போய்விடுகிறது; வாசகர்கள் மன்னித்தார்கள். ஆனால் வாட்சன் காயத்தின் மேல் எந்தக் கதையின் முடிச்சும் நிற்கவில்லை. இங்கே முடிச்சே 9.20இன் மேல் நிற்கிறது. யோசனை கைவிடப்பட்டது.

கொலையாளியை மாற்றலாமா என்று ஆசிரியர் கேட்டார். கணக்கரைப் பற்றி ஏற்கெனவே ஏழு துப்புகள் விதைத்தாகிவிட்டது. சாவிக் கொத்து, பழைய கையெழுத்து, மில் கணக்கில் வராத நூல் பேல்கள் என்று அவை நேர்மையாக வேலை செய்துகொண்டிருந்தன. அவற்றை வீணாக்க எழுத்தாளர் சம்மதிக்கவில்லை. அது சரியான பிடிவாதம்.

எழுத்தாளரின் முதல் யோசனை, மருத்துவர் பணம் வாங்கிக்கொண்டு பொய் அறிக்கை கொடுத்தார் என்று ஆக்குவது. அவசரத்தில் எல்லோருக்கும் தோன்றும் வழி இது. இரண்டு காரணங்களால் விழுந்தது. மருத்துவருக்குப் பணம் போனதற்கு 13 அத்தியாயங்களில் ஒரு சின்னக் குறிப்பும் இல்லை. மேலும், நேரத்தை மறைக்கப் பணம் வாங்கியவர் முதுகுக் கறையை ஏன் உண்மையாக எழுதிக் கொடுக்கிறார்? ஆங்கிலத் துப்பறியும் கதை எழுத்தாளர் ரொனால்ட் நாக்ஸ் 1929இல் துப்பறியும் கதைக்கு வகுத்த பத்து விதிகளில் எட்டாவது, துப்பறிபவர் கண்ட துப்பை வாசகருக்கும் உடனே காட்டிவிட வேண்டும் என்பது. அந்தப் பத்தில் சில இன்று செல்லாதவை. எட்டாவதை எடுத்துவிட்டால் இந்த வகைக் கதையே இல்லை.

நான்காவது வழியை உதவி ஆசிரியர் பட்டியலிலிருந்தே எடுத்தார். முதுகில் கறை, உடல் குப்புற. இரண்டும் அச்சாகிவிட்டன. இரண்டையும் பிழையென்று கொள்ளாமல் உண்மையென்றே எடுத்துக்கொண்டால்? முதலாளி மல்லாந்த நிலையில் இறந்தார். பல மணி நேரம் அப்படியே கிடந்தார். பிறகு யாரோ புரட்டினார்கள். ஏன் புரட்ட வேண்டும்? மார்புக்கு அடியில் செல்பேசியை வைக்க.

நிபுணரிடம் கேட்டது

தடயவியல் மருத்துவம் கற்பித்து ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவரிடம் ஐந்து கேள்விகள் எழுத்தில் அனுப்பப்பட்டன. ‘இப்படி நடக்குமா?’ என்று கேட்கவில்லை. அப்படிக் கேட்டால் ‘நடக்கலாம்’ என்றுதான் பதில் வரும். அதை வைத்து எதுவும் எழுத முடியாது. ‘இந்த அறை, இந்த உடல், இந்த நேரம். நீங்கள் மேசையில் பார்த்தால் அறிக்கையில் என்ன எழுதுவீர்கள்?’ என்று கேட்டார்கள்.

வந்த பதில்களில் கதைக்குப் பயன்பட்டவை இவை. வெயில் காலத்தில் நம் ஊரில் உடல் விறைப்பு ஒன்றிரண்டு மணி நேரத்தில் தாடை, கழுத்துப் பக்கம் தெரியத் தொடங்கி, சுமார் 12 மணி நேரத்தில் உடல் முழுக்கப் பரவும். குளிர் அதைத் தாமதப்படுத்தும். அதே குளிர் உடலை வேகமாகச் சில்லிட வைக்கும். ஆகவே தொட்டுப் பார்ப்பவருக்கு ‘இறந்து நெடுநேரம் ஆயிற்று’ என்றும், கால் மூட்டை மடக்கிப் பார்ப்பவருக்கு ‘இப்போதுதான்’ என்றும் தோன்றும். ஏசி ஓடியது என்று தெரியாத மருத்துவர் தடுமாறுவார். பெரும்பாலும் அவர் சம்பவ இடத்துக்கு வருவதில்லை. அரசு மருத்துவமனைப் பிணவறையில்தான் உடலைப் பார்க்கிறார். காவலர் ஏசியை அணைத்துவிட்டு, பிரேத விசாரணை அறிக்கையில் அதைக் குறிக்காமல் விட்டால் மருத்துவருக்கு அது தெரிய வழியே இல்லை.

கறை பற்றி அவர் எழுதியது இன்னும் துல்லியம். இரத்தம் உடலின் அடிப்பக்கம் இறங்கித் தேங்கத் தொடங்கி, சுமார் 6 முதல் 12 மணி நேரத்துக்குள் அந்த இடத்திலேயே ஊன்றிவிடும். ஊன்றிய பிறகு உடலைப் புரட்டினாலும் கறை இடம் மாறாது. அழுந்திய இடங்களில் மட்டும் கறை விழாது: தோள்பட்டை எலும்பு, பிட்டம், கெண்டைக்கால், பனியன் விளிம்பு இறுக்கிய கோடு. முதலாளி வேட்டியும் கை வைத்த பனியனும் அணிந்திருந்தார் என்று இரண்டாம் அத்தியாயத்திலேயே இருந்தது.

கொலையை 8.30க்கு வைக்கலாம் என்றிருந்த எழுத்தாளரை அவர் தடுத்தார். உடலைப் புரட்டியது காலை 5.30 என்றால் இடைவெளி ஒன்பது மணி நேரம்தான், கறை ஊன்றியிருக்காது என்று ஒரு வாசகர் வாதாடலாம், 7.45க்குத் தள்ளுங்கள் என்றார். ஒன்பதே முக்கால் மணி நேரம் கிடைத்தது. சமையல்காரம்மா போனது 7 மணி. பொருந்தியது.

புதிய முடிச்சு

மாறிய கதை இது. கணக்கர் 7.45க்குக் கொல்கிறார். உடல் கட்டிலில் மல்லாந்து கிடக்கிறது. ஏசியை 18இல் வைக்கிறார். முதலாளியின் செல்பேசியை எடுத்துக்கொண்டு சிங்காநல்லூர் போகிறார். மகள் ஒன்பது மணிக்கு மேல் கூப்பிடுவாள் என்று அந்த வீட்டோடு பழகிய எல்லோருக்கும் தெரியும். பங்கில் 9.18க்கு ரசீது வாங்குகிறார். இரண்டு நிமிஷத்தில் அழைப்பு வருகிறது. வரும் அழைப்பை எடுக்கச் செல்பேசியின் பூட்டைத் திறக்க வேண்டியதில்லை. ‘ம்’ என்று சொல்லித் துண்டிக்கிறார். காவல்காரர் விடியற்காலை ஐந்து மணிக்குப் பால் வாங்கப் போவது ஆறாம் அத்தியாயத்தில் இருக்கிறது. பின்கதவுச் சாவியும் அங்கேயே இருக்கிறது. 5.30க்கு உள்ளே போய், செல்பேசியைக் கட்டிலில் வைத்து, உடலை அதன்மேல் புரட்டிவிட்டு வெளியேறுகிறார்.

கேமரா கடிகாரம் தப்பாக ஓடியது என்ற பழைய முடிவு இனி தேவைப்படவில்லை. அது சரியாகவே ஓடியது. 9.20 அழைப்பு எந்தச் செல்பேசிக் கோபுரம் வழியாக வந்தது என்று அழைப்புப் பதிவு காட்டும்; அது சிங்காநல்லூர்க் கோபுரம். கோபுரத்தை வைத்துத் தெருவையோ வீட்டையோ சொல்ல முடியாது, ஆனால் 15 கிலோமீட்டர் வித்தியாசத்தைச் சொல்ல அது போதும். கணக்கரைக் காப்பாற்றிய அதே கேமரா, செல்பேசி இருந்த இடத்தில் அவரும் இருந்ததைச் சொல்லிவிடுகிறது. அழைப்புப் பதிவு கேட்டுக் கடிதம் போனதாக ஒன்பதாம் அத்தியாயத்தில் ஒரு வரி இருந்தது. பதில் வந்ததாக எங்கும் அச்சாகவில்லை. இது அதிர்ஷ்டம் என்றே சொல்ல வேண்டும்.

பழைய முடிவைவிட இது நல்ல முடிவு.

மீட்க முடியாத நான்கு வரி

எட்டாம் அத்தியாயம் இப்படித் தொடங்கியிருந்தது: “இரவு 9 மணி. பெரியவர் பால்கனியில் நின்று அன்றைய கடைசி சிகரெட்டைப் பற்ற வைத்தார்.” தொடர்ந்து தெருவிளக்கும் வேப்பமரமுமாக மூன்று வரி. இது எவருடைய பேச்சும் இல்லை, எவருடைய நினைவும் இல்லை. கதைசொல்லியின் நேர்கூற்று. 7.45க்கு இறந்தவர் 9 மணிக்குப் பால்கனியில் நிற்கிறார்.

இரண்டு நாள் இதைச் சுற்றியே பேச்சு நடந்தது. இன்ஸ்பெக்டர் மனதில் ஓடிய கற்பனைக் காட்சி என்று பின்னால் சொல்லிவிடலாம் என்றார் ஒருவர். அந்த வரிகளுக்கு அருகில் இன்ஸ்பெக்டரே இல்லை; அது வாசகரை ஏமாற்றுவதாகும் என்று மறுக்கப்பட்டது. அச்சுப்பிழை என்று போட்டுவிடலாம் என்றார் இன்னொருவர். அச்சுக்கோத்தவரும் புரூஃப் பார்த்தவரும் செய்யாத தவறை அவர்கள் தலையில் கட்டக் கூடாது என்று ஆசிரியர் மறுத்தார். கடைசியில், 14ஆம் அத்தியாயத்தின் அடியில் ‘எழுத்தாளரின் திருத்தங்கள்’ என்ற தலைப்பில் சிறு குறிப்பு வந்தது. 9 மணியை 7 மணி என்று திருத்திக்கொள்ளும்படி அது கேட்டது. மே மாதத்தில் கோவையில் சூரியன் மறைவது 6.40ஐ ஒட்டி, 7 மணிக்குத் தெருவிளக்கு எரிவதில் இடிப்பு இல்லை என்பதும் பார்த்துக்கொள்ளப்பட்டது.

அந்த ஒரு திருத்தம் மட்டும் தனியாக வந்தால் முடிவைக் காட்டிக்கொடுத்துவிடும். ஆகவே பட்டியலில் அகப்பட்ட வேறு இரண்டு உண்மையான சின்னப் பிழைகளையும் (மருமகனின் வயது, ஒரு தெருவின் பெயர்) அதோடு சேர்த்து, 9 மணித் திருத்தத்தை நடுவில் வைத்தார்கள்.

பின் தொடர்ந்தவை

13ஆம் அத்தியாயத்தில் மாற்றியது ஒரே ஒரு வாக்கியம்: கடிகாரத்தைப் பார்க்கும் இன்ஸ்பெக்டர், “ஒன்பது இருபதுன்னு நானே நம்பிட்டேனோ?” என்று முணுமுணுக்கிறார். ஓவியம் அதற்குப் பொருத்தமாகவே அமைந்தது. 16இல் மருத்துவர் முதல்முறையாக நேரில் வருகிறார், தான் நிமிஷக் கணக்கு எதுவும் கொடுக்கவில்லை என்கிறார். 17இல் அறிக்கையை மறுபடி படிக்கும் உதவி ஆய்வாளர், பனியன் விளிம்பு அழுந்திய வெளிறிய கோடு முதுகுப் பக்கம் இருப்பதைக் கவனிக்கிறார்.

பட்டியல் போட்டபோது சட்டப் பிழை ஒன்றும் கிடைத்திருந்தது. பத்தாம் அத்தியாயத்தில் மருமகனை மூன்று நாள் ஸ்டேஷனிலேயே வைத்து விசாரிக்கிறார்கள். கைதானவரை 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். இதை மூடி மறைக்கவில்லை. 18ஆம் அத்தியாயத்தில் மருமகனின் வக்கீல் அதையே கேள்வியாக எழுப்புகிறார், இன்ஸ்பெக்டர் தலைகுனிகிறார். கதைக்கு வலுவே கூடியது.

இழப்பும் இருந்தது. புதிய விசாரணைக்கு இடம் வேண்டி, உதவி ஆய்வாளருக்கும் அந்த வக்கீலுக்கும் இடையே வளர்ந்துகொண்டிருந்த காதல் இரண்டு அத்தியாய அளவுக்கு வெட்டப்பட்டது. அதை விரும்பிப் படித்தவர்கள் எழுதிக் கேட்டார்கள். அவர்களுக்குச் சொல்ல நல்ல பதில் இல்லை. தொடர் ஒரு வாரம் நீண்டு 27ஆக முடிந்தது.

திருத்தக் குறிப்பை வைத்து நான்கு வாசகர்கள் ‘கொலை நேரம் மாறப்போகிறது’ என்று ஊகித்து எழுதினார்கள். மறைத்து வைத்தது முழுதாகப் பலிக்கவில்லை என்று பொருள். ஆனால் 22ஆம் அத்தியாயம் வந்தபோது, முடிவு வெளிவர நான்கு வாரம் இருக்கையில், மூன்று பேர் முழு விடையையும் எழுதி அனுப்பியிருந்தார்கள். அதில் ஒருவர் திருத்தக் குறிப்பைப் பற்றிப் பேசவே இல்லை. இரண்டாம் அத்தியாயத்துச் செல்பேசி, நான்காம் அத்தியாயத்து முதுகு, முதல் அத்தியாயத்து ‘ம்’ ஆகிய மூன்றை வைத்தே கணக்கரைப் பிடித்திருந்தார். மீட்பு நேர்மையாக நடந்ததா என்பதற்கு இதைவிட நல்ல சோதனை இல்லை. முடிச்சை ஒருவரும் அவிழ்க்கவில்லை என்றால் துப்புகள் போதவில்லை. எல்லோரும் அவிழ்த்துவிட்டால் கதை இல்லை.

கடிதம் எழுதிய மருத்துவருக்கு ஆசிரியர் முதல் வாரத்திலேயே பதில் எழுதினார். பிழையை ஒப்புக்கொண்டு, முடிவைச் சொல்லாமல், தொடர்ந்து படிக்கும்படி கேட்டுக்கொண்டார்.

நூலாக வந்தபோது

2024 செப்டம்பரில் நூல் வந்தது. எட்டாம் அத்தியாயத்தின் நான்கு வரி நீக்கப்பட்டது. வெட்டிய காதல் பகுதி ஓரளவு திரும்பி வந்தது. இடையில் ஜூலை 1 முதல் புதிய குற்றவியல் சட்டங்கள் நடைமுறைக்கு வந்துவிட்டதால் புரூஃப் பார்த்தவர் கொலைக்கான பிரிவு எண் 302 என்று வரும் இடத்திலெல்லாம் புதிய சட்டத்தின் 103 என்று மாற்றியிருந்தார். கதை நடப்பது 2023 மே. அன்று நடந்த கொலைக்கு இந்தியத் தண்டனைச் சட்டம் 302தான். சந்தேக மரணம் என்று முதலில் பதிவாகும் 174ம் அப்படியே பழைய நடைமுறைச் சட்டத்தின் எண்தான். எல்லாவற்றையும் திரும்ப மாற்ற வேண்டியிருந்தது. இப்போது குற்றக் கதைகளை மறுபதிப்புச் செய்பவர்கள் எல்லோரும் இந்த இடத்தில் நிதானிக்க வேண்டும். கதை நடக்கும் தேதியை முதலில் உறுதிசெய்த பிறகே பிரிவு எண்ணைத் தொட வேண்டும்.

மாற்றிக்கொண்டவை

அந்தப் பத்திரிகை இப்போது துப்பறியும் தொடரை ஏற்கும் முன் சுருக்கத்தோடு ஒரு தாளையும் கேட்கிறது. கொலைக்கு முந்தைய ஆறு மணி நேரமும் பிந்தைய பன்னிரண்டு மணி நேரமும் அரை மணிக்கு ஒரு வரியாக: ஒவ்வொரு முக்கியப் பாத்திரமும் எங்கே, அது வாசகருக்கு எந்த அத்தியாயத்தில், யார் வாயால் தெரியவருகிறது. உடல் கிடக்கும் நிலையைப் பக்கத்தில் ஒரு சின்னப் படமாகப் போட வேண்டும்: தலை எந்தப் பக்கம், மல்லாந்தா குப்புறவா, அடியில் என்ன, மின்விசிறியா ஏசியா. இந்தப் படம் ஓவியருக்கும் போகிறது. முன்பு ஓவியர் அத்தியாயத்தைப் படித்துத் தானே ஊகித்து வரைவார்.

மருத்துவ அறிக்கையோ சட்ட ஆவணமோ கட்டம் கட்டி வரும் அத்தியாயம் அச்சுக்குப் போகும் முன் துறை அறிந்த ஒருவர் படிக்கிறார். கதை முழுவதும் அவருக்குப் போகாது. அந்தப் பக்கமும் உடல் பற்றிய தாளும் மட்டும் போகும். அத்தியாயங்களின் கையிருப்பு மூன்றிலிருந்து ஐந்தாகக் கூடியிருக்கிறது. அதற்குமேல் வைத்தால் வாசகர் கடிதத்துக்கு ஏற்பக் கதையை வளைக்கும் சுதந்திரம் போய்விடும் என்று எழுத்தாளர்கள் சொல்கிறார்கள், அதிலும் நியாயம் இருக்கிறது.

கதைசொல்லியின் குரலில் கடிகார நேரம் வரும் ஒவ்வொரு வாக்கியத்தின் கீழும் உதவி ஆசிரியர் பிரதியில் சிவப்புக் கோடு போடுகிறார். இதே எழுத்தாளரின் அடுத்த தொடருக்கு, முதல் ஐந்து அத்தியாயங்களில், அப்படி இரண்டே இரண்டு கோடு விழுந்தது.